லேபிள் இல்லாத மாலை

சுவையின் தடம் – 9

ஜலதோஷம் பிடித்த நாளில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போவது ஏன் என்று சென்ற வாரம் பார்த்தோம். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி என்று ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கிவிடும்; மற்றதையெல்லாம் கொண்டுவந்து சேர்ப்பது மூக்குதான். அந்த மூக்கை மட்டும் நம்பி, நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொள்ளும் ஒரு பரீட்சையைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். பரீட்சைக்கு வரும் பொருள் ஒயின். மதுவைத் தொடாதவர்களும் தயங்காமல் படிக்கலாம். இந்த மேசையில் வாயில் வைத்ததைப் பெரும்பாலும் துப்பிவிடுவார்கள்.

லண்டனில் பால் மால் தெருவில் ஆக்ஸ்ஃபோர்டு அண்ட் கேம்பிரிட்ஜ் கிளப் இருக்கிறது. இரண்டு பல்கலைக்கழகங்களிலும் படித்தவர்கள் கூடிப் பேசவும் சாப்பிடவும் ஏற்பட்ட இடம். தேம்ஸ் நதியில் 1829 முதல் படகோட்டி மோதிவரும் இந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் 1953-லிருந்து இன்னொன்றிலும் மோதுகின்றன. பிரிஸ்டல் நகரத்து ஹார்வீஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஹாரி வா என்ற ஒயின் வணிகர் தொடங்கி வைத்த போட்டி அது. ஆறு வெள்ளை ஒயின், ஆறு சிவப்பு ஒயின். எதிலும் லேபிள் தெரியாது. மாணவர்கள் முகர்ந்து, சுவைத்து, திராட்சை ரகம், நாடு, வட்டாரம், அறுவடை ஆண்டு ஆகியவற்றைத் தாளில் எழுத வேண்டும். அண்மைக் காலங்களில் இந்தப் போட்டி நடப்பது பால் மால் கிளப்பில்தான்.

ஹாரி வா பழுத்த அனுபவசாலி. பிரான்ஸின் போர்தோ ஒயினையும் பர்கண்டி ஒயினையும் எப்போதாவது குழப்பிக்கொண்டது உண்டா என்று அவரிடம் ஒருமுறை கேட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இதுவரை இல்லை என்றாராம். அன்று மதியம்கூடக் குழம்பியவர்தான் தான் என்பதை இவ்வளவு நேராக ஒப்புக்கொள்ள முடிந்தவர்தான் இந்தக் கலைக்கு ஆசானாக இருக்க முடியும் என்று நினைக்கிறேன்.

பரீட்சை, பரிசு என்ற பரபரப்பு இல்லாமல் இதே வேலையை எத்தனையோ ஊர்களின் கிளப்புகளில் நண்பர்கள் செய்கிறார்கள். மாதம் ஒரு மாலை, எட்டுப் பத்துப் பேர். இது கூட்டாகச் செய்யும் காரியமாக இருப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பாட்டிலில் 750 மில்லி. சுவை பார்க்க ஆளுக்கு 50 மில்லி போதும். ஒரு பாட்டில் பதினைந்து பேருக்கு வரும். தனியொருவர் ஆறு பாட்டில்களை வாங்கி ஒரே நாளில் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. பத்துப் பேர் காசு போட்டால் முடியும். பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் நாக்கு எதையும் கற்றுக்கொள்வதில்லை.

மறைப்பதற்கே தனிப் பக்குவம் வேண்டும். பாட்டிலைக் காகிதப் பைக்குள் இறக்கி, கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டு, பை மேல் எண் எழுதுவது வழக்கம். ஆனால் பழகிய கண்ணுக்குப் பையைத் தாண்டியும் துப்பு கிடைத்துவிடும். போர்தோ பாட்டிலுக்குத் தோள் உயர்ந்திருக்கும். பர்கண்டி பாட்டிலுக்குச் சரிந்திருக்கும். ஜெர்மனியின் ரீஸ்லிங் பாட்டில் ஒல்லியாக நெடுநெடுவென்று நிற்கும். மூடியைத் திருகும் ஓசை கேட்டால் ஆஸ்திரேலியாவோ நியூசிலாந்தோ என்று மனம் தாவும். ஆகவே மாலையை அக்கறையோடு நடத்துகிறவர் விருந்தினர் வருமுன்பே எல்லாவற்றையும் ஒரே மாதிரியான கண்ணாடிக் குடுவைகளுக்கு மாற்றி, எண் ஒட்டி வைத்துவிடுவார். பொதுத்தேர்வு விடைத்தாளில் மாணவர் பெயரைக் கிழித்துவிட்டு டம்மி எண் போட்டுத் திருத்தக் கொடுக்கிறோமே, அதே நியாயம்தான் இங்கும். பெயர் தெரிந்துவிட்டால் கை தானாகவே மதிப்பெண்ணைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

மற்ற ஏற்பாடுகள் எளியவை. நிறம் தெரிய வெள்ளை மேசைவிரிப்பு. வாயைக் கழுவத் தண்ணீர், இடையில் மெல்ல வெறும் ரொட்டி. வருகிறவர் செண்ட் பூசி வரக் கூடாது. எல்லோருக்கும் ஒரே அளவுள்ள, வாய் குறுகிய கிளாஸ். மணத்தை உள்ளே பிடித்துவைக்கும் இந்த வடிவத்துக்கு 1977-ல் சர்வதேசத் தர நிர்ணயமே வந்துவிட்டது. துப்புவதற்கு ஒரு வாளி. இந்த வாளியைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. பன்னிரண்டு ஒயின், ஒவ்வொன்றும் 50 மில்லி என்றால் 600 மில்லி ஆகிறது. அவ்வளவையும் விழுங்கியவருக்குக் கடைசிக் கிளாஸில் என்ன தெரியப் போகிறது?

எல்லா விதிகளிலும் நான் பெரிதாக மதிப்பது ஒன்றைத்தான்: எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. வயதிலோ அனுபவத்திலோ மூத்தவர் ஒருவர் "ம்ம், செர்ரி" என்று முணுமுணுத்துவிட்டால் போதும், அடுத்த நிமிடம் மேசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் செர்ரி மணக்கும். லேபிளை மறைத்துவிட்டு ஆளை மறைக்காமல் விட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. தாள், பேனா, மௌனம். அதன் பிறகு பேச்சு.

லண்டனில் அப்படியொரு கிளப் மாலையில் விருந்தினனாக உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். மூன்றாம் எண் வெள்ளை ஒயினை மேசைவிரிப்பின் மேல் சாய்த்து, விளிம்பின் நிறத்தைப் பார்த்தார். சுழற்றாமல் ஒருமுறை முகர்ந்தார். சுழற்றி ஒருமுறை முகர்ந்தார். தாளில் "மண்ணெண்ணெய், எலுமிச்சைத் தோல்" என்று எழுதினார். மண்ணெண்ணெய் என்றால் நமக்குத் திடுக்கென்றிருக்கும். முதிர்ந்த ரீஸ்லிங் திராட்சை ஒயினில் டிடிஎன் என்ற வேதிப்பொருள் சேர்வதால் வரும் மணம் அது. ரசிகர்கள் அதைத் தேடிப் போவார்கள். பிறகு ஒரு வாய் எடுத்து, உதட்டைக் குவித்துக் காற்றை உள்ளிழுத்து, வாய்க்குள் புரட்டி, வாளியில் துப்பினார். எழுதியது: ரீஸ்லிங், ஜெர்மனி, பத்து வயதுக்கு மேல்.

குடுவைக்குரிய பாட்டிலை எடுத்து வைத்தபோது அது ரீஸ்லிங்தான். ஆனால் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது, வயதும் அவர் சொன்னதைவிடக் குறைவு. ஆசிரியை முகம் வாடவில்லை. ஏன் இளசிலேயே இந்த மணம் என்று மாலையை நடத்தியவரைக் கேட்டார். பழத்தின் மேல் வெயில் நிறையப் படும் இடங்களில் அந்த மணத்துக்கான மூலப்பொருள் கூடுதலாகச் சேர்கிறது என்று பதில் வந்தது. "எலுமிச்சைத் தோல்" என்று எழுதியிருந்ததன் அடியில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் "கிளேர்" என்று எழுதிக்கொண்டார். லேபிளைப் பார்த்துவிட்டுக் குடித்திருந்தால் இந்தக் கோடு விழுந்திருக்காது. முதலில் தன் மூக்கை நம்பி ஒன்றை எழுதியதால்தான், எது தன்னுடைய அறிவு, எது கேள்விப்பட்டது என்று அவரால் பிரித்துப் பார்க்க முடிந்தது.

புதிதாக வருகிறவர்கள் வெள்ளைத் தாளைக் கண்டு மிரண்டுபோவார்கள். அவர்களுக்காகவே ஏற்பட்டது போன்ற ஒரு விளையாட்டை ஆஸ்திரேலியாவில் லென் எவன்ஸ் உருவாக்கினார். இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறியவர். அந்த நாட்டு மக்களுக்கு ஒயினை அறிமுகப்படுத்தியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. சிட்னியின் புல்லட்டின் பிளேஸில் இருந்த அவரது உணவகத்தில் நண்பர்கள் கூடும்போது, மறைத்த ஒயினை ஊற்றிவிட்டுக் கேள்விகளைத் தொடுப்பார். இது பிரான்ஸா, ஆஸ்திரேலியாவா? எழுபதுகளில் முன்பாதியா, பின்பாதியா? ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு மூன்று விடைகள் தந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார். ஆப்ஷன்ஸ் என்ற இந்த ஆட்டம் இன்றும் கிளப்புகளில் உயிரோடு இருக்கிறது. வந்த முதல் நாளே ஒரு புதியவர் மேதாவிகளோடு சரிசமமாக ஆடிவிட முடியும் என்பதே இதன் அழகு.

இந்தக் கலையின் புகழ்பெற்ற நாள் 1976 மே 24. பாரிஸில் ஒயின் கடை நடத்திவந்த ஆங்கிலேயர் ஸ்டீவன் ஸ்பரியர், சக ஊழியர் பத்ரீசியா கேலஹருடன் சேர்ந்து இன்டர்கான்டினென்டல் ஹோட்டலில் ஒரு சுவை மேசை போட்டார். கலிஃபோர்னியா ஒயின்களும் பிரான்ஸின் உயர்ந்த ஒயின்களும் பெயர் மறைத்து ஊற்றப்பட்டன. நடுவர்கள் ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள், துறையில் பெரிய பெயர்கள். அழைக்கப்பட்ட பத்திரிகையாளர்களில் வந்தவர் ஒருவர்தான்: டைம் பத்திரிகையின் ஜார்ஜ் டேபர். எந்த எண்ணில் எந்த ஒயின் என்ற பட்டியல் அவர் கையில் இருந்தது. நடுவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதும் அவர் காதில் விழுந்தது. பிரபல சமையற்கலைஞர் ரேமோன் ஒலிவர் ஒரு வாய் பருகி, அப்பாடா, பிரான்ஸுக்குத் திரும்பிவிட்டோம் என்றார். அவர் கையில் இருந்தது கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கு ஒயின். வெள்ளையில் முதலிடம் கலிஃபோர்னியாவின் சாட்டோ மாண்டலீனா 1973-க்கு. சிவப்பிலும் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ் 1973-க்கு. நடுவர்களில் ஒருவரான பத்திரிகை ஆசிரியர் ஒடெட் கான் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார், ஸ்பரியர் தரவில்லை.

இதைக் கலிஃபோர்னியாவின் வெற்றி என்று கொண்டாடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. சிவப்பில் முதலிடத்துக்கும் இரண்டாமிடம் வந்த பிரான்ஸின் மூட்டான் ராத்ஷில்ட் 1970-க்கும் இடையே ஒன்பது நடுவர்களின் கூட்டுத்தொகையில் வித்தியாசம் ஒன்றரை மதிப்பெண்தான்: 127.5, 126. போதாக்குறைக்கு, வெள்ளையின் முடிவைச் சொன்ன பிறகுதான் சிவப்பை ஊற்றினார்கள். அதிர்ந்துபோன நடுவர்கள் அதன்பின் எச்சரிக்கையாக மதிப்பெண் போட்டிருப்பார்கள் அல்லவா? அந்த நாளில் நிரூபணமானது வேறு. உலகின் தேர்ந்த நாக்குகளுக்கும் லேபிள் ஊன்றுகோலாக இருந்திருக்கிறது.

பிற்பாடு ஆய்வுகள் இதையே அழுத்தமாகச் சொல்லின. போர்தோவில் ஒயின் இயல் படித்துக்கொண்டிருந்த 54 மாணவர்களுக்கு மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குரிய மணங்களையே அவர்கள் எழுதினார்கள். 2001-ல் வெளியான ஆய்வு அது. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்பவர் ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றியதை நடுவர்களிடம் மூன்று முறை கலந்து கொடுத்துப் பார்த்தார். ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான் மூன்று முறையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மதிப்பெண் தந்தார். விலையைக் கூட்டிச் சொன்னால் அதே ஒயின் கூடுதலாகப் பிடித்துப்போவதை 2008-ல் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளை ஸ்கேனில் பார்த்தார்கள்.

இதைக் காட்டி, ஒயின் ரசனை என்பதே ஏமாற்று வேலை என்று முடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. நிறமும் விலையும் பெயரும் நம்மை இவ்வளவு இழுக்கின்றன என்றால் அவற்றை விலக்கிவைக்கும் மாலைகள் நமக்குக் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. அதைச் செய்யத் தகுந்த இடமும் போட்டி மேடை அல்ல, நண்பர்கள் மேசைதான். மேடையில் தவறினால் பெயர் போகும்; ஆகவே ஒடெட் கான்கள் தாளைத் திருப்பிக் கேட்கிறார்கள். நண்பர்கள் மேசையில் தவறினால் அடுத்த மாதம் மறுபடி கிளாஸ் வரும்.

ஒயின் இல்லாமலே இதை உங்கள் வீட்டில் செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இரண்டு காப்பிப்பொடி எடுத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் விட்டுக்கொடுக்காத பிராண்டு ஒன்று, வேறொன்று. ஒரே பால், ஒரே சர்க்கரை, ஒரே சூடு. மூன்று டம்ளரில் இரண்டில் ஒரு பொடி, மூன்றாவதில் மற்றது. கலந்து வைப்பவர் வேறு ஒருவராக இருக்க வேண்டும். அடியில் எண் ஒட்டிவிட்டு அவர் அறையை விட்டுப் போய்விட வேண்டும். எந்த டம்ளர் தனி என்று எல்லோரும் தாளில் எழுதிய பிறகுதான் பேச்சு. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும் என்பதால், டம்ளர்களை மாற்றி மாற்றி வைத்து ஐந்து தடவை செய்யுங்கள். ஐந்தும் சரி என்றால், அதிர்ஷ்டத்தில் அப்படி நடக்க 243-ல் ஒரு வாய்ப்புதான் உண்டு. உங்கள் நாக்கை நீங்கள் நம்பலாம். கிடைத்த முடிவை, சரியோ தவறோ, ஆசிரியர் முகவரிக்கு எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)