இடம் பெயர்ந்த தேனீக்கள்

சேலத்திலிருந்து ஜோலார்பேட்டைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் சாமல்பட்டி என்னும் சிறு நிலையம் ஒன்று உண்டு. விரைவு வண்டிகளுள் பெரும்பாலானவை அங்கே நிற்பதில்லை. 1989-ஆம் ஆண்டு மாசி மாதத்தில், ஒருநாள் விடியற்காலையில், நான் அந்நிலையத்தில் இரண்டு மரப்பெட்டிகளோடு இறங்கினேன். பெட்டிகளின் வாயில் கம்பிவலையால் அடைக்கப்பட்டிருந்தது. உள்ளே எழுந்த இரைச்சலைக் கேட்ட சுமைகூலிப் பெரியவர் ஒருவர், "என்னங்க சாமி, உள்ளே மிஷினு ஓடுதா?" என்று கேட்டார். ஓடியது இயந்திரமன்று, குமரி மாவட்டத்தில் நான் விலை கொடுத்து வாங்கி வந்த தேனீக் குடும்பங்கள் இரண்டு.

நான்கு ஆண்டுகள் கழியுமுன் அப்பெட்டிகள் வெறும் பெட்டிகளாயின. அவை ஏன் அவ்வாறாயின என்று சொல்லப் புகுந்தால், கதை சாமல்பட்டியில் நில்லாது. தாய்லாந்துக்கும் கலிபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்லும். உலகில் இன்று தேனீ வளர்ப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதும் அக்கதையிலேயே அடங்கியிருக்கிறது.

நம் நாட்டில் தேன் சேர்க்கும் தேனீக்கள் பல வகை. பாறை முகட்டிலும் உயர்ந்த மரக்கிளையிலும் ஒற்றைப் பேரடை கட்டுவது மலைத்தேனீ. புதரிலும் வேலியிலும் கையகல அடை கட்டுவது கொம்புத்தேனீ. இவ்விரண்டும் வெளிச்சத்தில் வாழ்பவை, பெட்டிக்குள் அடங்கா. மரப்பொந்திலும் பாழுங்கிணற்றுச் சுவரிலும் இருட்டில் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டும் இந்தியத் தேனீயே நாம் வீட்டில் வளர்க்கத்தக்கது. அடுக்குத் தேனீ என்றும் அதனைச் சொல்வதுண்டு.

பெட்டியில் வளர்ப்பது என்பது எளிய செயல்போலத் தோன்றும். ஆனால் அதற்கு ஒரு நுட்பம் தெரியவேண்டியிருந்தது. அமெரிக்கப் பாதிரியாராகிய லாங்ஸ்ட்ராத் என்பவர் 1851-இல் அதனைப் பயன்படுத்தும் வழியைக் கண்டார். அடைக்கும் அடைக்கும் இடையிலும், அடைக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையிலும், தேனீ நடந்து செல்வதற்கு ஏறத்தாழ கால் அங்குலத்துக்குச் சற்று மிகுந்த இடைவெளி விட்டால், தேனீ அதனை அடைக்காது. அதனினும் குறைந்தால் பிசினால் பூசிவிடும். மிகுந்தால் புதிய அடை கட்டிவிடும். இவ்வளவே செய்தி. இதனால் அடைகளை மரச்சட்டங்களில் கட்டச்செய்து, வேண்டும்போது நூலைப் புரட்டுவதுபோல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வழி பிறந்தது. அடையைப் பிழிந்து குஞ்சுகளையும் கொல்லும் பழைய முறை இதனால்தான் ஒழிந்தது.

லாங்ஸ்ட்ராத்தின் பெட்டி ஐரோப்பியத் தேனீக்கு ஏற்றது. நம் சிறிய தேனீக்குப் பெரிது. 1911-க்குப் பிறகு சில ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பணியாற்றிய நியூட்டன் என்னும் கத்தோலிக்கக் குரு இந்தியத் தேனீயின் அளவுக்கேற்ற சிறு பெட்டியை அமைத்தார். இன்றும் நாம் நியூட்டன் பெட்டி என்றே அதனை வழங்குகிறோம். பிறகு 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நிறுவிய கிராமப் புனரமைப்பு நிலையத்தில், ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் ஏழைக் குடியானவர்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தார். அது வேரூன்றிப் பெருகியது. அங்கே ஒரு புதுமை உண்டு. குமரி மாவட்டத்தில் கிடைக்கும் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதன்று! ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது, இலைக்காம்பில் உள்ள சுரப்பிகளில் இனிய நீர் கசியும். தை, மாசி மாதங்களில் தேனீக்கள் அதனைத்தான் மொய்த்து உண்கின்றன.

என் பெட்டிகளும் அங்கிருந்து வந்தவையே. எங்கள் ஊரில் ரப்பர் இல்லை. ஆயினும் புங்கும் வேம்பும் பங்குனி சித்திரையில் பூத்தன. அவற்றைத் தொடர்ந்து புளி பூத்தது. தென்னை ஆண்டு முழுவதும் பாளை விட்டது. முதல் ஆண்டில் பெட்டி ஒன்றுக்கு ஆறு கிலோ தேன் எடுத்தேன். இந்தியத் தேனீக்கு அது நல்ல விளைவுதான்.

1992-இல் ஒரு குடும்பம் மெலிந்துவிட்டது. ஈடு செய்வதற்காக வெளியூரிலிருந்து மற்றொன்றை வாங்கி வந்து, மற்றவற்றின் அருகே வைத்தேன். ஒரு மாதம் சென்றபின் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தபோது, அறைகளில் புழுக்கள் நிமிர்ந்து நீண்டு செத்துக் கிடந்தன. ஊசியால் ஒன்றை எடுத்தேன், தோல் பையாகித் தொங்கியது, உள்ளே நீர். முதிர்ந்த தேனீக்கள் நலமாகவே பறந்தன. ஆனால் இறப்பவற்றின் இடத்தை நிரப்பக் குஞ்சுகள் இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் எல்லாப் பெட்டிகளும் ஓய்ந்துவிட்டன. என் பெட்டிகளோடு போயிருந்தால் மனம் ஆறியிருப்பேன். ஊர்ப் புளியமரத்துப் பொந்தில் நான் சிறுவனாக இருந்த நாள்முதல் வாழ்ந்துவந்த கூட்டமும் அவ்வாண்டே அழிந்தது. நோயை ஊருக்குள் கொண்டுவந்தவன் நான்தானோ என்னும் ஐயம் இன்றளவும் என்னைவிட்டு நீங்கவில்லை.

அது தாய்லாந்துப் பைப்புழு நோய். நச்சுயிரி ஒன்றினால் வருவது. 1976-இல் தாய்லாந்தில் கண்டறியப்பட்டது. இரண்டாண்டுகளில் நம் வடகிழக்கு எல்லைக்குள் வந்தது. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் கேரளம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்றிலும் பரவி, பத்துக்கு ஒன்பது பங்குக்கு மேற்பட்ட இந்தியத் தேனீக் குடும்பங்களை மாய்த்தது. மருந்து இல்லை. இராணியைச் சில நாள் கூண்டில் அடைத்து முட்டையிடுதலை நிறுத்திவைப்பது ஒன்றே ஓரளவு உதவியது. தெற்கே பலர் பெட்டிகளை விறகாக்கினர். சிலர் இத்தாலியத் தேனீயை நாடினர். பஞ்சாபிலும் இமாசலப் பிரதேசத்திலும் 1960களில் வெற்றியோடு பழக்கப்பட்ட அந்த ஐரோப்பிய இனம், ஆண்டுக்கு இருபத்தைந்து கிலோவுக்கு மேலும் தேன் தரவல்லது. ஆறு கிலோவும் இருபத்தைந்து கிலோவும் ஒன்றாகுமா? குடியானவனைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் இந்த ஆசையே உலகத் தேனீக்களுக்குப் பெருங்கேட்டை விளைத்தது. நம் ஆசியத் தேனீயின்மீது ஓர் உண்ணி வாழ்கிறது, பெயர் வர்ரோவா. கடுகினும் சிறிய, செந்நிறச் சிறு ஆமை போன்ற உயிர். நம் தேனீ அதனோடு நெடுங்காலம் பழகியது. அதனைக் கால்களால் தட்டி, வாயால் கடித்து நீக்கும். உண்ணி பெருகுவதும் ஆண் குஞ்சுகளின் அறையில் மட்டுமே. மிகுந்த தேனை விரும்பி மனிதர் ஐரோப்பியத் தேனீயைக் கிழக்காசியாவுக்குக் கொண்டுசென்றனர். அங்கே உண்ணி இனம் மாறியது. பழக்கமில்லாத அத்தேனீயின் வேலைக்காரக் குஞ்சுகளிலும் அது பெருகிற்று. பெட்டிகளோடு மேற்கே பயணம் செய்தது. 1987-இல் அமெரிக்காவை எட்டியது. இந்த உண்ணி இல்லாத பெரிய நாடு என்று ஆஸ்திரேலியா பெருமை கொண்டிருந்தது. 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகத்தருகே அங்கும் காணப்பட்டது. ஆயிரக்கணக்கான பெட்டிகளை எரித்தும், 2023-இல் ஒழிக்கும் முயற்சியைக் கைவிட்டு, அதனோடு வாழக் கற்பதே வழி என்று அந்நாடு முடிவு செய்தது.

அமெரிக்காவில் 2006-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பெட்டிகளில் இராணியும் குஞ்சுகளும் இருக்க, வேலைக்காரத் தேனீக்கள் மட்டும் எங்கோ மறைந்தன. உண்ணி, நச்சுயிரி, பூச்சிக்கொல்லி, பசி ஆகியவை கூடிச் செய்த வேலை என்பதே அறிஞர் பலர் கருத்து. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் அந்நாட்டுப் பெட்டிகளுள் பெரும்பகுதி லாரிகளில் ஏறிக் கலிபோர்னியாவின் பாதாம் தோப்புகளுக்குச் செல்கிறது. உலகப் பாதாம் பருப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அங்கே விளைகிறது. மகரந்தம் மாற்றத் தேனீ வேண்டும். நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்த தேனீக்கள் ஒரே தோப்பில் சந்திக்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் பேதி பரவுவதை அறிந்தவர்களுக்கு மேலே சொல்லவேண்டியதில்லை.

இவ்வளவு இடர் இருந்தும் உலகில் தேன் குறையவில்லை. ஆண்டுதோறும் ஏறத்தாழ 18 லட்சம் டன் தேன் எடுக்கப்படுவதாகக் கணக்கு. அதில் கால்பங்கு சீனாவினுடையது. இந்தியாவும் 2022-23-இல் ஏறத்தாழ 80,000 டன் ஏற்றுமதி செய்தது. ஆனால் கணக்கில் உள்ள தேனெல்லாம் தேனா என்பது வேறு வினா. ஐரோப்பிய ஒன்றியம் 2021, 2022-ஆம் ஆண்டுகளில் இறக்குமதித் தேனில் 320 மாதிரிகளைச் சோதித்தது; 147 மாதிரிகளில் சர்க்கரைப் பாகு கலந்த ஐயம் எழுந்தது. நம் நாட்டிலேயே 2020-இல் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 13 வணிகப் பெயர்களைக் கொண்ட தேனைச் சோதனைக்கு அனுப்பியது. எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றே. அரிசிப் பாகின் விலைக்கு எந்தத் தேனீயும் தேன் தராது. போலி மலிவாகக் கிடைக்கும்போது நேர்மையாக வளர்ப்பவன் ஒன்று தொழிலை விடுகிறான், அல்லது பெட்டிக்கு மேலும் பெட்டி சேர்த்து ஊர் ஊராக அலைகிறான். அலைச்சலோடு நோயும் அலைகிறது.

இனி எங்கள் ஊருக்குத் திரும்புகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்துக்குப் பேர் பெற்றது. பெங்களூரா வகை, கூழ் ஆலைகளுக்கு வண்டி வண்டியாகச் செல்கிறது. மாம்பூவுக்குத் தேனீயே துணை என்று மேடைகளில் சொல்வார்கள். அது முழுதும் சரியன்று. மாம்பூவில் மகரந்தம் மாற்றுவதில் ஈக்களுக்கே முதலிடம். தேனீயும் துணை செய்கிறது. ஆனால் பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ போன்ற பூச்சிகள் வாராவிடில் பிஞ்சு இல்லை. பேய் எள் தன் மகரந்தத்தால் தானே விதை கொள்வது மிக அரிது. அதற்கும் தேனீ வேண்டும். நான் ஒரு பெட்டியில் எடுத்த ஆறு கிலோ தேனின் விலையைக் காட்டிலும், அப்பெட்டியால் அண்டை வயலுக்கு விளைந்த ஊதியம் பெரிது. அதற்கு எவரும் பணம் தருவதில்லை, நானும் கேட்டதில்லை.

ஈயானாலும் தேனீயானாலும், மா பூத்திருக்கும்போது தத்துப்பூச்சிக்கு அடிக்கும் மருந்து இரண்டையும் கொல்லும். எங்கள் பக்கத்தில் பெரிதும் பயன்படும் இமிடாகுளோபிரிட் உள்ளிட்ட மூன்று மருந்துகளைத் திறந்த வயலில் தெளிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடுத்துவிட்டது. மொட்டு விடுமுன் ஒருமுறை அடித்து, பூ விரிந்தபின் கைகட்டி நின்றால் போதும். என் அண்டைத் தோப்புக்காரர் மூன்று ஆண்டுகளாக அவ்வாறே செய்கிறார். காய்ப்புக் குறையவில்லை என்கிறார்.

நோய்க்குப் பிறகு பல ஆண்டுகள் எங்கள் ஊரில் இந்தியத் தேனீயைக் காண்பதே அரிதாயிற்று. பிறகு எங்கேயோ நோயைத் தாங்கிப் பிழைத்த சில கூட்டங்கள் பெருகத் தொடங்கின. தென்னாடு முழுவதும் இந்தியத் தேனீ மெல்ல மீண்டது அவ்வாறே. மருந்து செய்யாததைப் பொந்துகளில் வாழ்ந்த தேனீக்களே செய்துகொண்டன. சாலை அகலமானபோது பொந்துள்ள பழைய புளியமரங்கள் பல விழுந்தன. இருந்த சிலவற்றில் ஒன்றிலிருந்து 2004-இல் ஒரு கூட்டம் பிரிந்து வந்து, கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்த என் பழைய நியூட்டன் பெட்டியில் தானே குடியேறியது. அதன் வழிவந்த நான்கு குடும்பங்கள் இன்று என்னிடம் உள்ளன.

ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் விடுமுறை நாளில் வந்து, ஒரு குடும்பம் விலைக்குக் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு வெற்றுப் பெட்டி ஒன்றையும், உள்ளே தேய்க்கத் தேன்மெழுகு சிறிதும் கொடுத்தனுப்புகிறேன். மெழுகு தேய்த்த பெட்டியை ஆள் உயரத்தில், நிழலில், வாயில் கிழக்கு நோக்க வைத்துவிட்டு, மாசி பங்குனியில் காத்திருக்கச் சொல்கிறேன். சென்ற ஆண்டு ஐவர் பெட்டி கொண்டுசென்றனர். இருவர் பெட்டியில் தேனீ வந்துவிட்டது.