ஜெர்மனிக்கே போய் ஜெர்மன் படிக்கப் போறீங்களா? பணம் கட்டும் முன் இதைப் பாருங்க!

ஜெர்மன் மொழியை ஜெர்மனியிலேயே படிக்க ஆசைப்படுபவர்கள் முதலில் பார்ப்பது கட்டணத்தை. பார்க்க வேண்டியதோ, வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்பதை!

மொழிப் படிப்புக்கான விசா கிடைக்க, வாரத்துக்குக் குறைந்தது 18 பாடவேளைகள் கொண்ட தீவிரப் பயிற்சியில் சேர்ந்திருக்க வேண்டும். அங்கே ஊருக்கு ஊர் 'ஃபோக்ஸ்ஹோக்ஷூல' எனப்படும் மக்கள் கல்வி மையங்கள் உண்டு. கட்டணமும் குறைவு. ஆனால், மாலை நேர, வார இறுதி வகுப்புகளைக் காட்டினால் விசா வராது. இன்னொன்று, ஒரு பாடவேளை என்பது 45 நிமிடம்தான். '20 பாடவேளை' என்றால் 15 மணி நேரமே! இரண்டு பள்ளிகளின் கட்டணத்தை ஒப்பிடும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பள்ளி தன் லெட்டர்பேடில் தரும் சான்றிதழை மட்டும் நம்பி பல்கலைக்கழகத்தில் சேர முடியாது. கோதே, டெல்க், டெஸ்ட்டாஃப் போன்ற தேர்வுகளுக்குத் தயார் செய்கிறார்களா எனக் கேளுங்கள்.

மியூனிக்கில் தெருவில் பவேரிய வழக்கு காதில் விழும். நம்ம நெல்லைத் தமிழ், கோவைத் தமிழ் மாதிரிதான். வகுப்பில் பொது ஜெர்மன் என்பதால் பயம் வேண்டாம். அங்கே பயப்பட வேண்டியது வீட்டு வாடகைக்கு!

ஏ1, ஏ2 நிலைகளைச் சென்னை கோதே இன்ஸ்டிடியூட்டிலேயே முடித்துவிட்டால் அங்கே தங்கும் மாதங்கள் குறையும்.

பல பள்ளிகள் முன்பணம் வாங்கிய பிறகே சேர்க்கைக் கடிதம் தருகின்றன. விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளில் வரும்? பதிலை இமெயிலில் வாங்கிய பிறகு பணம் அனுப்புங்கள்.