பழைய படகு மோட்டாரின் பிளக் வயரை மாற்றுவது எப்படி?

ஆற்றங்கரைத் தோட்டங்களில் வாழும் நம்மவர் சிலர், ஓய்வு நாளில் படகேறி மீன்பிடிக்கச் செல்வதுண்டு. நடு ஆற்றில் மோட்டார் நின்றுவிட்டால், படகும் அதிலுள்ளோரும் நீரோட்டத்தின் வசமாகிவிடுவர். பழைய மோட்டார் இவ்வாறு நிற்பதற்கு ஒரு காரணம், காயிலிலிருந்து ஸ்பார்க் பிளக்குக்குச் செல்லும் வயர் பழுதடைவதாகும்.

இவ்வயரில் பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் செல்கிறது. வெப்பத்தாலும் காலத்தாலும் மேலுறை வெடித்தால், மின்சாரம் பிளக்கை அடையாமல் எஞ்சினின் உலோக உடலுக்குத் தாவிவிடும். மேலுறையில் வெடிப்பு, முனையில் பச்சைக் களிம்பு ஆகியவற்றைக் கண்டால் வயரை மாற்றுவதே நலம்.

முதலில் மோட்டாரை நிறுத்தி ஆறவிடுவோம். பாட்டரி இருப்பின் அதன் இணைப்பைக் கழற்றுவோம். பெட்ரோல் வாடை முற்றும் நீங்க வேண்டும். ஓடும் மோட்டாரின் வயரைத் தொடலாகாது.

வயரை இழுக்காமல், ரப்பர் மூடியைப் பிடித்து மெல்லத் திருகிக் கழற்ற வேண்டும். ஒன்றை மாற்றி முடித்த பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். வயர்கள் இடம் மாறினால் எஞ்சின் சீராக ஓடாது. புதிய வயர் பழையதன் நீளமே இருக்கட்டும். பழைய மோட்டார்கள் பலவற்றுக்குச் செம்புக் கம்பி வயரே ஏற்றது. காயிலோடு சேர்த்து வார்க்கப்பட்ட வயராயின், காயிலையே மாற்ற நேரிடும்.

வேலை முடிந்ததும், மோட்டாரின் கீழ்ப்பகுதி நீரில் மூழ்கியிருக்க, கரையோரத்திலேயே ஓட்டிப் பார்ப்போம். நீரின்றி ஓட்டினால் குளிர்விக்கும் பம்பு கெட்டுவிடும். வயர் புதியதாயினும், துடுப்பும் உயிர்காப்பு அங்கியும் இன்றிப் படகேற வேண்டாம்.