கடன் அடைந்தால் மட்டும் போதுமா?

கும்பகோணத்திலிருந்து குடவாசல் வழியாகத் திருவாரூர் செல்லும் சாலையில் அமைந்துள்ள திருத்தலம் திருச்சேறை. அங்குள்ள சாரபரமேஸ்வரர் ஆலயத்தில் ருண விமோசன லிங்கேஸ்வரருக்குத் தனிச் சந்நிதி உண்டு. ருணம் என்றால் கடன். விமோசனம் என்றால் விடுதலை. 11 திங்கட்கிழமைகள் இங்கு வழிபட்டால் கடன் தொல்லை நீங்கும் என்பது அடியார்களின் நம்பிக்கை. கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வந்து வேண்டிக்கொள்பவர்கள் பலர். வீட்டில் சொல்லாமல் தனியே வந்து நிற்பவர்களும் உண்டு. இவர்களுக்குப் பட்ட கடன் ஒரு சுமை என்றால், அதை மறைத்து வைத்திருப்பது இன்னொரு சுமை.

கடன் வாங்குவதே இழிவு என்று நம் முன்னோர் கருதவில்லை. பத்மாவதித் தாயாரைத் திருமணம் செய்வதற்காகத் திருவேங்கடமுடையான் குபேரனிடம் கடன் பெற்றார் என்று திருமலைத் தலபுராணம் கூறுகிறது. பிரமனும் சிவபெருமானும் சாட்சியாக இருக்கப் பத்திரம் எழுதித் தரப்பட்டதாம். ஊரறிய வாங்கிய அந்தக் கடனுக்குக் கலியுகம் முழுவதும் பெருமாள் வட்டி செலுத்துகிறார் என்பது ஐதிகம். கடன் இருந்ததால் அந்தத் திருமணத்தின் மங்கலம் குறைந்துவிடவில்லை. அதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை.

நம் குடும்பங்களில் நிகழ்வது வேறு. நண்பருக்காக ஜாமீன் கையெழுத்து, மகன் தொடங்கிய தொழிலில் நஷ்டம், அதைச் சமாளிக்கக் கைக்கடன், அந்த வட்டியைக் கட்ட மனைவியின் நகை அடகு என்று சங்கிலி நீள்கிறது. 'அவளுக்குத் தெரிந்தால் வருந்துவாள். அதற்குள் மீட்டுவிடலாம்' என்ற எண்ணத்தில் ஆண்டுகள் ஓடுகின்றன. பேத்தியின் திருமணத்துக்காகப் பெட்டகத்தைத் திறக்கும் நாளில் உண்மை வெளிப்படுகிறது. நகை போனதைவிட, இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்துகொண்டே தன்னிடம் சொல்லவில்லையே என்பதுதான் அந்த அம்மையாரின் நெஞ்சை அறுக்கிறது.

அதே திருவாரூரில் வாழ்ந்த சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கிறார். பரவை நாச்சியாரின் இல்லத்துக்குப் பொன் குறைந்ததில்லை. திருமுதுகுன்றத்தில் இறைவன் அருளிய 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் இட்டு, திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தவர் சுந்தரர். ஆனால் திருவொற்றியூரில் அவர் சங்கிலியாரை மணந்த செய்தி காதில் விழுந்தபோது, பரவையாரின் சினத்தை அந்தப் பொன்னெல்லாம் தணிக்கவில்லை. சுந்தரரின் வேண்டுகோளை ஏற்று இறைவனே நள்ளிரவில் தூது நடந்தார். முதல்முறை அர்ச்சகர் வேடத்தில் சென்றார், பரவையார் இசையவில்லை. இறைவன் வற்புறுத்தாமல் திரும்பினார். மறுமுறை தம் உண்மைத் திருவுருவோடு சென்றார். அப்போதுதான் பிணக்குத் தீர்ந்தது. வேடத்தோடு கேட்டபோது கிடைக்காத இசைவு, உண்மை உருவோடு வந்தபோது கிடைத்தது. கடனை மறைத்துத் தவிக்கும் கணவன்மார் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி இது.

ஆகவே முதல் வேலை, முழுக் கணக்கையும் ஒரே தாளில் எழுதி மனைவியின் முன் வைப்பது. பாதியைச் சொல்லி மீதியை மறைத்தால், அது பின்னர் வெளிப்படும் நாளில் முன்னைவிட ஆழமான காயம் உண்டாகும். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதனைப் பெற்று இணைத்தால் வங்கிக் கடன்களும் கடன் அட்டை நிலுவைகளும் தெரிந்துவிடும். கைக்கடனும் சீட்டுப் பாக்கியும் அதில் வாரா. அவற்றை நினைவிலிருந்து நேர்மையாக எழுத வேண்டும். ஜாமீன் கையெழுத்தையும் விட்டுவிடலாகாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, ஜாமீன்தாரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது.

அடுத்து எழும் கேள்வி, எந்தக் கடனை முதலில் அடைப்பது என்பது. உதாரணமாக, மூன்று வட்டிக்கு வாங்கிய 1 லட்சம் கைக்கடனுக்கு ஆண்டுக்கு 36,000 ரூபாய் வட்டி. 10 சதவிகித வட்டியில் 3 லட்சம் நகைக் கடனுக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய்தான். சிறிய கடனே பெரிய கடனைவிட அதிகமாகத் தின்கிறது! நகைக் கடனுக்கு வட்டியைத் தவறாமல் கட்டி, ஏலத்துக்குப் போகாமல் காத்துக்கொண்டு, கைக்கடனை முதலில் அடைப்பதே கணக்குக்குப் பொருந்தும். மனைவியின் மனமோ நகையைத்தான் முதலில் கேட்கும். அதுவும் நியாயமே. பிறந்த வீட்டுச் சீதனம் அவருடைய சொத்து. துன்பக் காலத்தில் கணவன் அதனைப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் தார்மிகக் கடமை அவனுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

இவ்விடத்தில் முடிவெடுக்கும் உரிமையை மனைவியிடம் விடுவதே நல்லது. இரண்டு கணக்கையும் விளக்கிவிட்டு, 'நீ சொல்கிறபடி செய்வோம்' என்று சொல்லலாம். நகைகள் தனித்தனி ரசீதுகளில் அடகு இருந்தால், தாயார் தந்த ஒரு வளையலையோ சங்கிலியையோ மட்டும் முதலில் மீட்டுக் கையில் கொடுத்துவிட்டு, மற்றத் தொகையைக் கைக்கடனுக்குத் திருப்பலாம். வட்டியில் சிறிது நஷ்டம் வரும். அதனை நம்பிக்கைக்குச் செலுத்திய முதல் தவணையாகக் கொள்ளலாம்.

அதன்பின் மாதந்தோறும் ஓய்வூதியம் வந்தவுடன், ஒரு குறிப்பிட்ட தேதியில் இருவரும் அமர்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். கட்டிய ரசீதுகளும், திரும்பப் பெற்ற பிராமிசரி நோட்டும், வங்கி தரும் நிலுவையின்மைச் சான்றும் மனைவியின் பாதுகாப்பில் இருக்கட்டும். இருவர் கையெழுத்தும் இல்லாமல் புதிய கடனோ ஜாமீனோ இல்லை என்பது வீட்டின் விதியாகட்டும். கோயிலுக்கு நேர்ந்துகொண்டதும் கடன்தான். அதனால்தான் நேர்த்திக்கடன் என்கிறோம். அதற்காக வட்டிக்கு வாங்க வேண்டியதில்லை. இறைவன் காத்திருப்பார், கந்துவட்டிக்காரர் காத்திருக்க மாட்டார்.

மனைவி உடனே மனம் இரங்காவிட்டால் அதனைக் குறையாகக் கொள்ளலாகாது. பரவையார் மறுத்தபோது இறைவனே திரும்பிச் சென்றாரல்லவா? பிள்ளைகளை நடுவில் நிறுத்திச் சமாதானம் கேட்பதும், 'எல்லாம் குடும்பத்துக்காகத்தானே செய்தேன்' என்று வாதிடுவதும் புண்ணைக் கிளறும். வங்கிக் கடனுக்கு இத்தனை தவணை என்று கணக்கு உண்டு. நம்பிக்கைக்கு அப்படியொரு அட்டவணை இல்லை. தவறாமல் கட்டிக்கொண்டே வருவதுதான் வழி.

ஆகவே, கடைசி ரசீது கைக்கு வந்த மாதத்தோடு அந்தக் கணக்குப் பார்க்கும் வழக்கத்தை நிறுத்திவிடக் கூடாது. கட்ட வேண்டியது ஏதுமில்லாத மாதத்திலும் கணவர் பாஸ்புத்தகத்தைக் கொண்டுவந்து எதிரே வைக்கட்டும். 'இனி இது எதற்கு?' என்று மனைவியே ஒருநாள் சிரித்துக்கொண்டு கேட்டால், இரண்டாவது கடனும் தீர்ந்தது என்று அறியலாம்.