கட்டில் வாங்கப் போறீங்களா? பழசா, புதுசா? கொஞ்சம் யோசிப்போம்!



பல குழுக்களில் இப்போது உள்கடன் கேட்கும் காரணங்களில் ஒன்று கட்டில். மகள் கல்யாணத்துக்குச் சீர் கொடுக்க, வயசான மாமியார் படுக்க, வீட்டுக்கு வருகிறவர்கள் உட்கார என்று கேட்கிறோம். பகலில் உட்காரவும் ராத்திரியில் படுக்கவும் உதவுகிற திவான் கட்டில் மேல்தான் பலருக்கும் ஆசை. ஆசைப்படுவது தப்பில்லை. ஏரியில் இறங்கி இறால் தடவிட்டு வரும் உடம்புக்கு, சாய்ந்து உட்கார ஒரு இடம் வேண்டும்தானே? ஆனால் எதை வாங்குவது? அதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

பழசுக்கும் ஒரு மதிப்பு உண்டு

நம்ம பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமை இடம் இதுதான். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் கருங்காலி மரத்தில் செதுக்கி, பிரம்பு பின்னிய நாற்காலிகளும் இருக்கைகளும் ஐரோப்பாவுக்குப் போயின. பிற்பாடு இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் என்பவர் அப்படிப்பட்ட நாற்காலிகளை, தங்கள் நாட்டுப் பழங்காலப் பொருள் என்று நினைத்தே விலைக்கு வாங்கி வைத்தார். நம்ம கரை ஆசாரிகளின் கைவேலை அப்படி!

வியாபாரிகள் பொதுவாக 100 வருஷம் தாண்டியதை 'ஆன்டிக்' என்பார்கள். அதற்குக் குறைந்த பழசு 'வின்டேஜ்'. இதை ஏன் சொல்கிறோம்? பாட்டி காலத்துத் தேக்குக் கட்டிலை "பழைய சாமான்" என்று எடைக்குக் கொடுத்துவிட்டு, தவணையில் புதுக் கட்டில் வாங்குவது நம்ம ஊர்களிலும் நடக்கிறது. அந்தப் பழைய கட்டில் பாலிஷ் போட்டு நகரத்தில் பல மடங்கு விலைக்குப் போகலாம். அதனால் விற்பதாக இருந்தால், குறைந்தது இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். ஒரு ஆசாரியிடம் மரத்தைக் காட்டுங்கள். 100 வருஷம் பழமையான கலைப்பொருள் வியாபாரத்துக்கு 1972-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி வியாபாரிக்கு உரிமம் வேண்டும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.

உப்புக் காத்துக்கு எது தாங்கும்?

1. தேக்கு, வேங்கை, பூவரசு போன்ற கெட்டி மரம்: நல்லா உழைக்கும். பழசு வாங்கினால் கட்டிலைத் தலைகீழாகப் புரட்டிப் பாருங்கள். சின்ன ஓட்டைகளும், கீழே மாவு மாதிரி புதுத் தூளும் இருந்தால் உள்ளே உளுப்பூச்சி உயிரோடு இருக்கு என்று அர்த்தம். மண் கோடு தெரிந்தால் கரையான். ஆணி அடிக்காமல் துளை போட்டு மாட்டிய கட்டில் என்றால் ரொம்ப நல்லது. தண்ணீர் வரும்போது கழற்றி மேலே ஏற்றிவிடலாம்.

2. இரும்புக் கட்டில்: விலை குறைவு, கரையான் அரிக்காது. ஆனால் காற்றிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் சீக்கிரம் துரு பிடிக்கும். வெல்டிங் வைத்த இடத்தைப் பாருங்கள், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். அடிக்கடி நல்ல தண்ணீர் நனைத்த துணியால் துடைத்து உடனே காய விடுங்கள். துருவைத் தேய்த்து எடுத்து, ரெட் ஆக்சைடு பூசி, அதன் மேல் பெயின்ட் அடியுங்கள்.

3. மரத்தூள் பலகைத் திவான்: கடையில் பளபளன்னு இருக்கும். மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்வது. தண்ணீர் பட்டால் ஓரம் உப்பும், ஸ்குரு பிடிக்காது. பலகையின் வெட்டு முனையைப் பாருங்கள். மேலே உள்ள ரேகை முனையிலும் தொடர்ந்தால் மரம். முனையில் தூள் தூளாகத் தெரிந்தால் மரத்தூள் பலகை. 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நம்ம மாவட்டத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை மறக்க வேண்டாம்.

4. கயிற்றுக் கட்டில்: மரச்சட்டமும் கயிறும் போதும். லேசாக இருக்கும், வாசலில் தூக்கிப் போடலாம். காற்றோட்டமாக இருப்பதால் வியர்க்காது. கயிறு தொய்ந்தால் நாமே இழுத்துக் கட்டலாம். வலை பின்னத் தெரிந்த கைக்கு இது பெரிய வேலையா என்ன?

வாங்கும் முன் அளவு பாருங்கள்

படுக்க நீளம் 6 அடியாவது வேண்டும். திவானுக்கு அகலம் இரண்டரை முதல் 3 அடி போதும். உயரம் சுமார் 18 அங்குலம், அதாவது முட்டி உயரம் இருந்தால் வயசானவர்கள் உட்கார்ந்து எழ சுலபம். வாசல் அகலத்தையும் ஒரு கயிற்றில் அளந்து எடுத்துட்டுப் போங்க. வாங்கி வந்த பிறகு உள்ளே நுழையாவிட்டால் யாரிடம் போய் கேட்பது?

தவணையா, குழுக் கடனா?

ஒரு கணக்குப் போடுவோம். ரூ.12,000 கட்டில், 12 மாதத் தவணை, மாதம் 2 வட்டி என்று வைத்துக்கொள்வோம். கடைசி வரை முழு அசலுக்கும் வட்டி போட்டால் வட்டி ரூ.2,880. அதே 2 வட்டிக்குக் குழுவில் கடன் வாங்கி, மாதம் ரூ.1,000 அசல் கட்டி, மீதி அசலுக்கு மட்டும் வட்டி கொடுத்தால் ரூ.1,560 தான். வித்தியாசம் ரூ.1,320. குழுவில் கட்டும் வட்டி நம்ம குழுவுக்கே திரும்புகிறது. அதனால் "வட்டி எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "குறையும் அசலுக்கா, முழு அசலுக்கா?" என்றும் கேளுங்கள்.

இன்னொன்று. நம்ம வருமானம் மாதச் சம்பளம் இல்லை. பாடு முறை வரும் நாளில் காசு வரும், வராத நாளில் வராது. முகத்துவாரம் அடைபட்டால் ஏரியில் வரத்தே குறையும். தவணைத் தேதி இதற்கெல்லாம் காத்திருக்காது. குறைந்தது பாதிப் பணம் சேமிப்பில் சேர்ந்த பிறகு வாங்கினால் கடன் சுமை பாதியாகும்.

பில் வாங்க மறக்காதீங்க. கடன் உங்கள் பெயரில் என்றால் பில்லும் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

வீட்டில் ஏற்கெனவே நல்ல சட்டம் இருந்தால், அதைச் சரி செய்வதுதான் முதல் வழி. கயிறு மாற்றி, பாலிஷ் போட்டு, மேலே ஒரு மெத்தை விரித்தால் அதுவே திவான். கல்யாணச் சீருக்கும் இதைக் கொடுக்கலாம், இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. மகளைக் கடன் இல்லாமல் அனுப்புவதும் ஒரு சீர்தான். அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தக் கணக்கை எல்லோரும் சேர்ந்து போட்டுப் பாருங்கள்.