தென் திருவிதாங்கூரில் உடைவடிவமும் சமூக அடையாளமும்

ஆடை உடலை மறைக்கிறது. அதனை உடுத்தும் முறையோ உடுத்தியவரின் சமூக நிலையை அறிவிக்கிறது. கேரளத்தின் நெய்யாற்றின்கரைப் பகுதியும் தமிழ்நாட்டின் விளவங்கோட்டுப் பகுதியும் சந்திக்கும் பனச்சமூடு போன்ற எல்லையூர்கள், 1956-இல் மாநில எல்லை வகுக்கப்படும் முன்னர் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. அத்தென் திருவிதாங்கூரில் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த தோள்சீலைப் பூசலில் அரசு காக்க முயன்றது எது என்பதை அரசாணைகளின்வழி அறியலாம்.

ஆணைகள் உணர்த்துவன

நாடார் முதலிய சாதிப் பெண்கள் இடைக்குமேல் ஆடை அணிதல் அந்நாளில் வழக்கத்தால் தடுக்கப்பட்டிருந்தது. கர்னல் மன்றோ ரெசிடென்டாக இருந்த காலத்தில் (1810-1819), கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்னும் தைத்த சட்டையை அணிய இசைவு கிடைத்தது. அவர்களோ அதனோடு அமையாமல், உயர்சாதிப் பெண்டிரைப் போலத் தோளின்மீது மேற்சீலையும் இட்டனர். 1820-களில் கலவரம் மூண்டது. 1829-ஆம் ஆண்டுப் பிரகடனம் குப்பாயத்தை ஏற்று மேற்சீலையை மறுத்தது.

1858-59-இல் மீண்டும் கலவரம் எழுந்தது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் வற்புறுத்தியதன்பின், 1859 ஜூலை 26-இல் புதிய பிரகடனம் வெளிவந்தது. எச்சமயத்தைச் சார்ந்த நாடார் பெண்களும் குப்பாயம் அணியலாம். அல்லது முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். உயர்சாதியினர் உடுத்தும் முறையை மட்டும் பின்பற்றலாகாது என அது விதித்தது. இவ்விரு ஆணைகளையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும்: உடலை மறைத்தல் குற்றமாகவில்லை, மேலோரை ஒத்திருத்தலே குற்றமாயிற்று. துணியின் மடிப்பே சாதியின் எல்லைக்கோடாக விளங்கியது.

தலைப்பாகையும் கண்ணாடியும்

இதே காலத்தில் சாமித்தோப்பில் வாழ்ந்த அய்யா வைகுண்டர் (1809-1851) வேறொரு வழியைக் காட்டினார். மதிப்புடையோர்க்குரியதாகக் கருதப்பட்ட தலைப்பாகையை ஆடவர் வழிபாட்டு உடையாக்கினார். அய்யாவழி வழிபாட்டிடங்களில் சிலைக்கு மாறாகக் கண்ணாடி வைக்கப்பட்டுள்ளது. தலைப்பாகை அணிந்து வணங்குவோர் அதில் தம் உருவையே காண்கின்றனர். பிறர் வகுத்த அடையாளத்தை ஏற்காது, தம்மைத் தாமே மதிப்புடன் நோக்கும் பயிற்சியாக இதனைக் கொள்ளலாம்.

நெய்யாற்றின்கரையை அடுத்த அருவிப்புறத்தில் 1888-இல் சிவப் பிரதிட்டை செய்த நாராயண குரு, 1927-இல் சேர்த்தலையை அடுத்த களவங்கோட்டில் கண்ணாடியையே பிரதிட்டை செய்தார். இருவர் வழியிலும் கண்ணாடி, காண்பவரைத் தன்னுள் நோக்கச் செய்யும் குறியீடாயிற்று.

முடிவுரை

ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலில் இடம்பெற்ற இப்பூசல் பற்றிய பகுதியை, மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2016-இல் தேர்வுப் பாடத்திலிருந்து விலக்கியது. உடையின் வரலாறு இன்றும் கருத்து வேறுபாட்டுக்குரியதாகவே உள்ளது என்பதை இது காட்டும். ஆகவே இந்நிலப்பகுதியின் பழைய ஓவியங்களையும் ஒளிப்படங்களையும் ஆராய்வோர், அவற்றிற் காணும் சீலையையும் தலைப்பாகையையும் வெறும் அணியெனக் கொள்ளலாகாது. போராடிப் பெற்ற உரிமையின் சான்றுகளாக அவை அமையக்கூடும்.