சொலிடாரிட்டி என்றால் என்ன?



போன மாதம் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து நான் கதவைப் பூட்டப் போகும் நேரம், ஓ.எல். எழுதப்போகும் பிள்ளை ஒன்று என்னை நிறுத்தியது. சுவரில் ஒட்டியிருந்த மே தினப் படத்தைக் காட்டி, "சேர், இந்த சொலிடாரிட்டிக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டது. நான் யோசிக்காமல் "ஒற்றுமை" என்றேன். "அப்ப யூனிட்டிக்கு?" என்றது. அதுக்கும் ஒற்றுமைதான் என்றேன். "ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்கு சேர் ரெண்டு சொல்லு?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. நான் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நானும் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பாடசாலை ஆங்கில ஆசிரியரிடம் போய்க் கேட்டேன், பெரிய அகராதியையும் புரட்டினேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். ஏனென்றால் இந்தச் சொல் நம்முடைய லயத்துக்குள் ஏற்கனவே வந்துவிட்டது. அது வந்த வழிதான் சரியில்லை.

'சொலிட்' என்ற சொல் உங்களுக்குத் தெரியும். வீடு கட்டும்போது ரெண்டு வகை புளொக் கல் வருகிறது. ஒன்றில் நடுவில் ஓட்டை இருக்கும், மற்றது ஓட்டையில்லாமல் முழுக்கல். அந்த முழுக்கல்லைத்தான் சொலிட் என்கிறோம். லத்தீன் மொழியில் முழுமை, கெட்டி என்று பொருள்படும் சொல்லில் இருந்து வந்தது இது. பழைய ரோம தேசத்துச் சட்டத்தில் 'இன் சொலிடும்' என்று ஒரு பேச்சு உண்டு. ஐந்து பேர் சேர்ந்து ஒரு கடன் வாங்குகிறார்கள் என்று வையுங்கள். கடன் கொடுத்தவன் ஒவ்வொருவரிடமும் ஐந்தில் ஒரு பங்கை மட்டும்தான் கேட்கலாம் என்று இல்லை. ஐவரில் யாரையும் பிடித்து முழுக் கடனையும் கேட்கலாம். ஒவ்வொருவர் தலையிலும் முழுப் பாரமும் இருக்கிறது. அதுதான் இன் சொலிடும். பிரெஞ்சுக்காரர்கள் இதிலிருந்து சொலிடாரித்தே என்று ஒரு சட்டச் சொல் உண்டாக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் அது கடன் பத்திரத்தை விட்டு வெளியே வந்து தொழிலாளர் வாயில் ஏறியது. உன் கஷ்டம் முழுவதுக்கும் நானும் பொறுப்பு என்ற அர்த்தம் அதுக்கு வந்தது. ஆங்கிலக்காரர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

ஆகவே பிள்ளை கேட்டது சரியான கேள்வி. யூனிட்டி என்றால் நாம் பிரியாமல் ஒன்றாக இருப்பது. நம் எல்லோருக்கும் ஒரே தேவை இருந்தால் அது தானாகவே வந்துவிடும். தண்ணிப் பைப்பு உடைந்தால் முழு லயமும் ஒற்றுமையாக ஒப்பீஸ் வாசலுக்குப் போகிறோமே, அந்த மாதிரி. சொலிடாரிட்டி அப்படியல்ல. என் வீட்டுக்குத் தண்ணி வந்துவிட்டது, உன் வீட்டுக்கு வரவில்லை, ஆனாலும் நான் வாசலை விட்டுப் போகமாட்டேன் என்று நிற்பது அது.

இந்தச் சொல்லை உலகம் முழுக்கத் தெரியவைத்தவர்கள் போலந்து நாட்டுத் தொழிலாளர்கள். அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். க்டான்ஸ்க் என்ற துறைமுக நகரத்தில் பெரிய கப்பல் கட்டும் தளம் ஒன்று இருந்தது. அங்கே கிரேன் ஓட்டிய பெண் அன்னா வாலென்டினோவிச். தொழிலாளர் உரிமை பேசுகிறவர் என்பதால் 1980 ஓகஸ்ட்டில் அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பென்ஷனுக்கு இன்னும் 5 மாதம்தான் இருந்தது. ஓகஸ்ட் 14ஆம் தேதி அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லியும் சம்பளம் கூட்டச் சொல்லியும் தளத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது.

ரெண்டே நாளில், 16ஆம் தேதி, நிர்வாகம் இறங்கி வந்தது. அவரையும் எடுக்கிறோம், சம்பளமும் கூட்டுகிறோம் என்றது. தலைவர் லேக் வவேன்சா வேலைநிறுத்தம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார். ஆட்கள் சந்தோஷமாக வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஆனால் இவர்களைப் பார்த்து நகரத்தில் வேறு பல இடங்களிலும் வேலையை நிறுத்தியிருந்தார்கள். பஸ், ட்ராம் ஓட்டுகிறவர்களும் சின்னச் சின்னத் தொழிற்சாலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பெரிய தளம் வேலைக்குத் திரும்பினால் சின்ன இடங்களை நசுக்கிவிடுவார்கள். இதை எடுத்துச் சொல்லிக் கேட்டில் ஆட்களை மறித்தது பெண்கள்தான். வேலை திரும்பக் கிடைத்த அன்னா, தளத்து நர்ஸ் அலினா பியென்கோவ்ஸ்கா, ட்ராம் ஓட்டிய ஹென்ரிகா கிஷிவோனோஸ் ஆகியோர் அவர்கள். நிறையப் பேர் போய்விட்டார்கள். மிச்சம் நின்ற கொஞ்சப் பேரோடு அன்றிரவு போராட்டம் தொடர்ந்தது. வவேன்சாவும் அவர்களோடு நின்றார். அன்றைக்கு அது மற்றவர்களுக்காகச் செய்யும் சொலிடாரிட்டி வேலைநிறுத்தம் ஆகிவிட்டது. போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள், மற்றத் தொழிற்சாலைகளும் சேர்ந்தன. ஓகஸ்ட் 31ஆம் தேதி அரசாங்கம் கையெழுத்துப் போட்டது. பிறகு அவர்கள் அமைத்த சங்கத்துக்கு சொலிடாரிட்டி என்றே பெயர் வைத்தார்கள். 1981இல் அதில் ஏறக்குறைய 1 கோடி பேர் இருந்தார்கள். அந்த டிசம்பரில் இராணுவச் சட்டம் போட்டு அடக்கினார்கள், ஆனாலும் 1989இல் திரும்பச் சட்டப்படி எழுந்தது. அதெல்லாம் பெரிய அரசியல். எனக்குப் பிடித்தது 16ஆம் தேதி கேட்டில் நடந்ததுதான். அன்னாவுக்கு வேலை கிடைத்துவிட்டதே, அவர் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

நமக்கு இது புதிதா? இல்லை. 1984 வரைக்கும் தோட்டத்தில் பெண்ணுக்கு நாட்சம்பளம் ஆணைவிடக் குறைவு. அந்த வருஷம் சங்கங்கள் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் ரெண்டும் சமமானது. நான் அப்போது கைக்குழந்தை. "உங்கப்பாவுக்கு ஏற்கனவே கூடத்தான் குடுத்தாங்க, அவரும் எங்களோட வேலைக்குப் போகாம இருந்தாரு" என்று அம்மா சொல்லுவாங்க. எங்க அப்பாவுக்கு ஆங்கிலம் ஒரு எழுத்தும் தெரியாது.

மலையில் இன்றைக்கும் நடக்கிறது. காய்ச்சலோடு வந்தவளுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் விழும். பக்கத்து நிரைக்காரிகள் ஆளுக்கு ரெண்டு கைப்பிடி அவள் கூடையில் போடுவார்கள். கணக்கப்பிள்ளை பார்த்தும் பாராத மாதிரி நிற்பார். இது இரக்கம் இல்லை. இரக்கத்துக்கு ஆங்கிலத்தில் சிம்பத்தி என்று வேறு சொல் இருக்கிறது. இரக்கப்படுகிறவள் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுத் தன் நிரையைப் பார்த்துப் போகலாம்.

இனி, வந்த வழி சரியில்லை என்றேனே, அதுக்கு வருகிறேன். நுண்கடன் கொடுக்கிறவர்கள் பெண்களை ஐந்து ஐந்து பேராகச் சேர்த்துக் குழு அமைப்பது உங்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட குழுவை சொலிடாரிட்டி குரூப் என்பார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும். பார்த்தீர்களா, சொல் தன் பழைய வீட்டுக்கே, கடன் பத்திரத்துக்கே திரும்பிப் போய்விட்டது.

நான் முன்பு வேலை செய்த தோட்டத்தில் ஒரு குழு இருந்தது. நல்ல பெண்கள் என்று பரிந்துரைக் கடிதம் கொடுத்ததே நான்தான். பத்திரத்தை நான் வாசிக்கவில்லை. ஒருத்தியின் புருஷன் மரத்தில் இருந்து விழுந்து வைத்தியசாலையில் கிடந்தார். மூன்று வாரம் தவணை தவறியது. வசூலிக்க வந்தவர் இருட்டும் வரைக்கும் லயத்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். அவர் சத்தம் போடவில்லை. மற்ற நாலு பேரையும் அங்கேயே நிறுத்தி வைத்தார், அவ்வளவுதான். நாலு பேரும் ஏசியது அவளைத்தான். கூடையில் கொழுந்து போட்ட அதே கைகள். அடுத்த வாரம் அவள் அந்த நாளில் தேயிலைக்குள் போய் ஒளிந்துகொண்டாள்.

பிறகு நாலு பேரும் என்னிடம் வந்து, "ஐயா, அவளால எங்க பேரு கெட்டுப்போச்சு" என்றார்கள். அன்றைக்குத்தான் பத்திரத்தை எடுத்து வாசித்தேன். அவளையும் கூட்டிக்கொண்டு ஆறு பேராக அந்தக் கிளைக் காரியாலயத்துக்குப் போனோம். ஐவருடைய தவணையையும் சேர்த்து நீட்டித் தரும்படி ஐவருமே கேட்டார்கள். இது முக்கியம், ஏனென்றால் தனியாகப் போனால் அவள் தவறியவள், சேர்ந்து போனால் அது குழுவின் கோரிக்கை. தவணையை நீட்டினார்கள். தண்டப்பணத்தைக் குறைக்கவில்லை. அதை ஐந்தாகப் பிரித்துக் கட்டினார்கள். ஒருத்தி மட்டும் அதுக்குப் பிறகும் அவளோடு பேசவில்லை. அவள் பக்கமும் நியாயம் இருந்தது, மகளுக்கு வைத்திருந்த காசு அது.

பேச்சில் எப்படிப் பயன்படுத்துவது என்றும் ஆசிரியர் சொல்லித் தந்தார். 'சொலிடாரிட்டி வித்' என்று சொல்லி, யாருக்காக நிற்கிறோமோ அவர்களை அடுத்துச் சொல்ல வேண்டும். 'இன் சொலிடாரிட்டி வித் நர்சஸ்' என்றால் நர்ஸ்மாரின் பாரத்தில் பங்கெடுத்து என்று அர்த்தம். 'டா' என்ற இடத்தில் அழுத்தம் வரும். கால்பந்து டீம் நன்றாக ஆடினால் அதுக்கு டீம் வேர்க் என்பதே சரி. ஒரு லயத்துக்காரர் சேர்ந்து இன்னொரு லயத்துக்காரரை அடிக்கப் போவதுக்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் உண்டு, அவை பரீட்சைக்கு வராது. தமிழில் சிலர் 'கூட்டொருமை' என்றும் சிலர் 'தோழமை' என்றும் எழுதுகிறார்கள். பிள்ளைக்கு நான் 'பாரம் பகிரும் ஒற்றுமை' என்று எழுதிக் கொடுத்தேன். நீளம் கூடிப்போச்சு என்று சொன்னது.

இன்னொரு விஷயம். குழுக்கடனுக்குக் கையெழுத்துப் போடுமுன் பத்திரத்தைக் கொண்டு வாருங்கள். சனிக்கிழமை பின்னேரம் பிள்ளைக் காம்பராவில் இருப்பேன். தமிழ்ப் பிரதி கேட்டு வாங்குங்கள். ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் எவ்வளவு கட்ட வேண்டும், சுகவீனம் வந்தால் தவணை நீட்டலாமா, தண்டப்பணம் எவ்வளவு என்ற மூன்றையும் சேர்ந்து வாசிப்போம். ஐந்து பேரும் ஒன்றாக வாருங்கள்.